மாணாக்கர் கைப்பேசியும் மதிஞானத்தின் நான்கு படிகளும்

 

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நடுமணியாகிய நன்ஞானத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ஜினாலயத்தில் காட்சியைப் பற்றிப் பேசுகிறோம். இல்லத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஞானத்தைப் பள்ளிக்கூடத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு அமைதி கொள்கிறோம். நம் குழந்தைகள் மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஐவகை ஞானத்தையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கின்றனர். ஒப்புவித்த மறுநொடியே கைப்பேசி அவர்கள் கையில் ஏறிவிடுகிறது. ஒப்புவித்த பாடத்திற்கும் கையிலேறிய கருவிக்கும் உறவு உண்டென்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

உறவு உண்டு. ஐந்தனுள் பின்னுள்ள மூன்றும் இக்காலத்து நமக்கு எட்டாதவை. நமக்கு வாய்த்தவை மதிஞானமும் சுருதஞானமுமே. புலன்களாலும் மனத்தாலும் அறிவது ஒன்று. கேட்டும் கற்றும் அறிவது மற்றொன்று. இவ்விரண்டின் வாயில்களிலும் இன்று காவலின்றி நுழைவது கைப்பேசியில் வரும் செய்தி. எனவே அதனை ஆராய்ந்து கொள்ளும் பயிற்சியைக் கணினி ஆசிரியரின் பாடமென்று ஒதுக்கிவிட இயலாது. அது நன்ஞானத்தைச் சேர்ந்த கடமை.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் மதிஞானம் நான்கு படிகளில் நிகழும் என்கிறார்: அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை. (ஈஹை என்பதைக் கொடையாகிய ஈகையோடு மயக்கிக் கொள்ளுதல் கூடாது, தேர்வுத் தாள்களில் இம்மயக்கத்தை நிரம்பக் கண்டிருக்கிறேன்.) உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு எளியது. தொலைவில் வெண்மையாக ஏதோ ஒன்று தோன்றுகிறது. தோன்றிய அளவில் நிற்பது அவக்கிரகம். அது கொக்காக இருக்குமோ, கொடியாக இருக்குமோ என்று குறிப்புகளைத் தேடி நாடுவது ஈஹை. சிறகடித்து எழுவதும் தாழ்வதும் கண்டு, கொக்கே என்று துணிவது அவாயம். துணிந்ததை மனத்தில் நிலைநிறுத்துவது தாரணை. படிகள் நான்கும் வரிசையாக ஏறத் தக்கவை. இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன நேரும் என்பதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

2018-ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை நினைவுகூருங்கள். நம் திருமலைக் கோயில் இருக்கும் அதே போளூர் வட்டாரம் அது. வடக்கிலிருந்து குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்னும் செய்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியாக ஊர்தோறும் பரவியிருந்தது. சென்னையிலிருந்து கோயில் வழிபாட்டுக்காகக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் வழியில் நின்றனர். அவர்களுள் முதியவரான ஒரு பெண்மணி அங்கு விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் திரண்டது. அடியுண்டு அம்மூதாட்டி இறந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். பலர் கைதாயினர்.

நம் எடுத்துக்காட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியூர் வண்டி, அறியாத முகம், கையில் மிட்டாய்: இவை அவக்கிரகம். அங்கிருந்து நேரே அவாயத்திற்குத் தாவினர். இடையில் இருக்க வேண்டிய ஈஹை, அதாவது யார், எங்கிருந்து, எதற்கு என்னும் மூன்று கேள்விகளை அமைதியாகக் கேட்டு விடை பெறுவது, நிகழவில்லை. நிகழாமற் போனதற்குக் காரணம், அவாயம் முன்னரே கைப்பேசி வழியாகச் சமைத்து அனுப்பப்பட்டு எல்லார் மனத்திலும் தாரணையாக உறைந்திருந்ததேயாகும்.

அக்காலத்தில் நாட்டின் பல மாநிலங்களில் சுற்றிய ஒரு காட்சியும் உண்டு. தெருவில் விளையாடும் சிறுவனை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்வதாக அது காட்டிற்று. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட நடிப்புப் படம். இறுதியில் அவர்கள் சிறுவனைத் திரும்ப இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கிவிட்டார். ஒரு சொல்லும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை; வால் மட்டும் அறுக்கப்பட்டது. நன்மைக்காக எடுத்த படம் கொலைக்குக் கருவியாயிற்று.

இதில் நம் சமயம் கேட்கும் கேள்வி கடுமையானது. செய்தியை அனுப்பியவர்களுள் எவரும் கொல்ல நினைத்தவர் அல்லர். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்றே பலரும் அனுப்பியிருப்பர். ஆயினும் இம்சைக்கு ஆசாரியர் தந்த இலக்கணம் என்ன? பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு நேரும் கேடு. பிரமாதம் என்பது இன்றைய பேச்சு வழக்கில் பாராட்டுச் சொல்லாகத் திரிந்துவிட்டது. ஆகமத்தில் அதன் பொருள் கவனமின்மை. எறும்பு நசுங்காமல் அடியெடுத்து வைக்கவும், விளக்கு வைக்கும் முன் உண்டு முடிக்கவும் பழகிய நாம், ஒரு பொத்தானை அழுத்துவதில் பிரமாதத்தோடு இருக்கிறோம். தண்ணீரை இரட்டைத் துணியில் வடித்துப் பருகும் வீட்டில் செய்தி மட்டும் வடிக்கப்படாமல் உள்ளே வருகிறது.

நான் அனுப்பினேனேயன்றி எழுதவில்லையே என்பார் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழியிலும் வினை வந்து ஒட்டும் என்பது சிறுவர் பாடசாலையிலேயே கற்பிப்பது. பொய்யை எழுதுவது செய்தல். பிறர்க்கு அனுப்பி அவரையும் பரப்பத் தூண்டுவது செய்வித்தல். படித்துவிட்டுப் பெருவிரலை உயர்த்திய குறி இடுகிறார்களே, அது அனுமோதனை அன்றி வேறென்ன? அந்தக் குறிகளின் எண்ணிக்கையையும் கொண்டே சமூக ஊடகங்கள் எதனை மேலும் பலர்க்குக் காட்டலாம் என்று தீர்மானிக்கின்றன. ஆகவே அந்த உடன்பாட்டிற்கு மெய்யான விளைவு உண்டு.

பொய்யின் ஓட்டம் எத்துணை விரைவானது என்பதை அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் மூவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2006 முதல் 2017 வரை ட்விட்டர் தளத்தில் (இப்போது அதன் பெயர் எக்ஸ்) ஏறத்தாழ 30 லட்சம் பேர் பரப்பிய, சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை அவர்கள் ஆராய்ந்தனர். மெய்ச் செய்தியை விடப் பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று கண்டனர். இயந்திரக் கணக்குகளை நீக்கிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியவர் மனிதர். பொய் புதுமையாய் இருப்பதால் வியப்பை ஊட்டுகிறது. வியப்பு விரலை இயக்குகிறது. 2018-இன் கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேர்க்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு வைத்தது. பின்னர், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு வேளைக்கு ஓர் இடத்திற்கே அனுப்பலாம் என்று 2020-இல் குறைத்தது. இயந்திரமே நமக்கு ஒருவகை அணுவிரதம் விதிக்க வேண்டி வந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

ஈஹையை எப்படிச் செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியர் பயிற்சி பெற்ற எங்கள் தலைமுறைக்கு, பாடநூலை ஊன்றிப் படி, மேலும் ஊன்றிப் படி என்பதே மந்திரமாக இருந்தது. கைப்பேசிக்கு அம்மந்திரம் பொருந்தாது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். வரலாற்று அறிஞர் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர், செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டோர் 10 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைத் தந்து மதிப்பிடச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்ற அறிஞர்களும் மாணவர்களும் அப்பக்கத்திலேயே அமர்ந்து மேலிருந்து கீழ்வரை படித்து, அதன் அழகிய அமைப்பிலும் பெயரிலும் ஏமாந்தனர். சரிபார்ப்போரோ சில நொடிகளில் அப்பக்கத்தை விட்டு நீங்கி, இதனை நடத்துவோர் யார் என்று பிற இடங்களில் தேடி, அதன் பின்னரே திரும்பி வந்து படித்தனர். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. ஒருவனைப் பற்றி அறிய அவனையே கேட்டுக் கொண்டிராமல் அண்டை அயலாரைக் கேட்பது போன்றது இம்முறை.

தோற்றத்தில் மயங்காமை நமக்குப் புதிய பாடமும் அன்று. சமந்தபத்திர ஆசாரியர் ஆப்த மீமாம்சையைத் தொடங்கும் முறையை எண்ணிப் பாருங்கள். தேவர் வருகை, வானில் இயங்குதல், சாமரை வீசப் பெறுதல் போன்ற சிறப்புகள் மாயவித்தைக்காரரிடத்தும் காணப்படுவன. அவற்றைக் கொண்டு பெருமானைப் பெரியவர் என்று ஏற்கவில்லை என்கிறார். வணங்கும் இறைவனையே ஆராய்ந்த பின்னர் வணங்கிய மரபு நம்முடையது. அப்படியிருக்க, பத்து லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பதற்காகவும், பின்னணி இசை உருக்கமாக இருக்கிறது என்பதற்காகவும் ஒருவர் சொல்லும் மருத்துவக் குறிப்பை நாம் நம்பலாமா? அருங்கலச்செப்பு விலக்கச் சொல்லும் உலக மூடம் வேறு வடிவில் வந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மூலங்களை ஒப்பிடுவதற்கும் நம்மிடத்தே நல்ல சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். கையில் கிடைத்த ஒரே பிரதியை அச்சிட்டு முடித்திருந்தால் பணி எளிதாகியிருக்கும். அவரோ ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். பாட வேறுபாடுகளை ஒன்றோடொன்று வைத்து நோக்கினார். சமயப் பொருள் விளங்காத இடங்களில் கும்பகோணத்து ஜைனர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டார். தாம் சைவர் என்பதோ, கேட்பது பிற சமயத்தாரை என்பதோ அவரைத் தடுக்கவில்லை. பல பிரதி, அறிந்தாரைக் கேட்டல், ஐயத்தை மறைக்காமை: மாணவர்க்குச் செய்தி ஆராய்ச்சியைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த தமிழ்ப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பொய்யைப் படைத்தலைப் பார்ப்போம். சத்திய அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் கூடலேகக்கிரியை என்பது ஒன்று. கள்ள ஆவணம் எழுதுதல் என்பது பொருள். ஓலையும் முத்திரையும் இருந்த காலத்துக் குற்றம் அது. இன்று ஒருவர் முகத்தையும் குரலையும் எடுத்து அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் படம், பதினைந்து வயதுச் சிறுவனும் வீட்டிலிருந்தபடியே செய்யத் தக்கதாகிவிட்டது. வகுப்புத் தோழியின் படத்தை இவ்வாறு சிதைத்து விளையாடுவதை வேடிக்கை என்கிறார்கள். அது வேடிக்கையன்று; சட்டப்படி குற்றம், சமயப்படி இம்சையும் பொய்யும் ஒருங்கே சேர்ந்தது. அதே ஐந்தனுள் பிறர் மறைவை வெளியிடுதலும் அடக்கம் என்பதைப் பெற்றோர் ஒருமுறையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நலம்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் வீட்டுப் பாடம் எழுதும் முறையே மாறிவிட்டது. இத்தகைய கருவிகளின் அடிப்படை வேலை, படித்த கோடிக்கணக்கான சொற்றொடர்களைக் கொண்டு அடுத்து வரத் தக்க சொல் யாது என்று கணித்துக் கோப்பது. மெய்யும் பொய்யும் ஒரே சரளத்தோடு வரும். சில கருவிகள் இணையத்தில் தேடியும் தருகின்றன. அப்போதும் அவை காட்டும் மூலத்தைத் திறந்து பார்க்கும் வேலை நம்முடையதே.

அகளங்க ஆசாரியரைப் பற்றி வழங்கும் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. இமசீதளன் அவையில் நடந்த வாதத்தில் எதிர்த்தரப்புக் குரல் நாள்தோறும் திரைக்குப் பின்னிருந்தே வந்தது. ஒரு நாள் அகளங்கர், முன்பு சொன்னதை மீண்டும் சொல்க என்றார். குரல் எழவில்லை. திரையை விலக்கினால் அங்கே இருந்தது ஒரு குடம். குடத்துள்ளிருந்த தெய்வமே பேசி வந்தது என்பது கதை. இது வழிவழியாக வரும் மரபுச் செய்தி. வரலாற்று ஆவணமாக இதனை நான் சொல்லவில்லை. பௌத்தரைப் பழிக்கவும் சொல்லவில்லை. பேசுவது யார் என்று திரையை நீக்கிப் பார்க்க வேண்டும் என்னும் அறிவு அதில் இருக்கிறது. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர் இத்தகைய கருவி தந்த பழைய தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் காட்டினர். அத்தீர்ப்புகளுள் பல எக்காலத்தும் வழங்கப்படாதவை. அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இவை மெய்தானா என்று அக்கருவியிடமே கேட்டிருக்கிறார்கள். மெய்தான் என்று அது விடையிறுத்திருக்கிறது! குடத்தைக் கேட்டு என்ன பயன்? சட்ட நூலைத் திறந்திருந்தால் திரை விலகியிருக்கும்.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது முறையாகாது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் காலத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, முகநூலில் பொய்ச் செய்தித் தளங்களின் கட்டுரைகளை மிகுதியாகப் பகிர்ந்தவர்கள் 65 வயதைக் கடந்தோரே என்று காட்டியது; இளையோரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. என் வயதினர் இதைக் கேட்டுச் சினங்கொள்ள வேண்டா. அச்சில் வந்தது ஆராய்ந்தே வந்திருக்கும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாம். 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய்த் தாள் வந்தபோது, அதனுள் இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கும் சில்லு உண்டென்று எத்தனை வீடுகளில் பேசிக்கொண்டோம்! அத்தாள் 2023-இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சில்லை மட்டும் எவரும் கண்டிலர். பெயர்பெற்ற அயல்நாட்டு அறிஞர் ஒருவர், மறுபிறவியில் ஜைனனாகப் பிறக்க விரும்புவதாகச் சொன்னார் என்னும் செய்தியும் நம் குழுக்களில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. எந்த நூலில், எந்த ஆண்டில் என்று கேட்டால் விடை இல்லை. கேட்டவரைப் பற்றில்லாதவர் என்கிறார்கள். நம் சமயத்தைப் புகழ்வதாலேயே ஒரு பொய் மெய்யாகிவிடுமா? நமக்கு இனிக்கும் செய்தியிடத்தே ஈஹை இரட்டிப்பாக வேண்டும்.

அனேகாந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்து இளைஞர் சிலர், அவரவர்க்கு அவரவர் உண்மை, இதுதானே அனேகாந்தம் என்று கேட்கின்றனர். அன்று. நிலவில் மனிதன் இறங்கினான், இறங்கவில்லை என்னும் இரண்டும் சமமான நயங்கள் அல்ல; ஒன்று நிகழ்ச்சி, மற்றொன்று பொய். ஒரு பொருளின் மெய்யான ஒரு பகுதியைக் காட்டுவது நயம். அப்பகுதியே முழுமை என்று பிறவற்றை மறுப்பது துர்நயம். கராச்சிப் படத்தின் முற்பகுதியை எண்ணுங்கள்: காட்டியது அதிலுள்ள காட்சியைத்தான், முழுமையாகக் காட்டியதே கேடு. நீலகேசி வாதத்திற்குச் சென்ற இடந்தோறும் எதிராளியின் கொள்கையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பின் மறுத்தாள். குண்டலகேசி முழு நூலாக இன்று நமக்குக் கிட்டவில்லை. அதனைப் பற்றிய செய்திகள் பலவற்றை நீலகேசி உரை காத்து வைத்திருக்கிறது. மறுக்கப் புகுந்தவரே காப்பாளரும் ஆனார். எதிர்க் கருத்தை இவ்வளவு நேர்மையோடு எடுத்துரைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும்.

இக்கல்வியை உலகம் முன்னரே உணர்ந்திருக்கிறது. 1982-இல் ஜெர்மனியின் கிரூன்வால்டில் யுனெஸ்கோ கூட்டிய அவை, ஊடகக் கல்வி பள்ளிகளில் வேண்டும் என்று சாற்றியது. 2011-இல் ஆசிரியர்க்கென்றே ஒரு பாடத்திட்டத்தையும் அந்நிறுவனம் வெளியிட்டது. நமக்கு அண்மையில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் தடுப்பூசி பற்றிய வதந்திகளால் நேர்ந்த தொல்லைக்குப் பின், 2018-இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்பைத் தொடங்கினர். ஒரு மாவட்டம் செய்ததை, சிற்றூர்ப் பாடசாலைகள் சிறு அளவிலேனும் செய்யலாம்.

கோடை விடுமுறையில் நம் பாடசாலைகளில் பத்து நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரே நாளின் இரு நாளிதழ்களை வாங்கி, ஒரே நிகழ்ச்சியை இரண்டும் எவ்வாறு தலைப்பிட்டுள்ளன என்று எழுதச் செய்யலாம். வீட்டில் பெரியோர்க்கு வந்த ஒரு செய்தியை எடுத்துக் கொண்டு, அனுப்பியவரைக் கேட்டு, அவருக்கு அனுப்பியவரைக் கேட்டு, எத்தனையாம் படியில் தடம் அற்றுப் போகிறது என்று பார்க்கச் சொல்லலாம். பெரும்பாலும் மூன்றாம் படி தாண்டாது. படத்தையே கொடுத்து அது முன்னர் எங்கே வெளிவந்தது என்று தேடும் வசதி கூகுளில் உண்டு, அதனைப் பழக்கலாம். பொய்யென்று தெளிந்ததும் திருத்தத்தை அது வந்த குழுவிற்கே அனுப்பச் செய்ய வேண்டும். தண்ணீரை வடித்தபின் துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த கிணற்றிலேயே சேர்ப்பிக்கிறோமே, அம்முறை இங்கும் வேண்டும்.

முதல் நாள் வகுப்புக்குக் கணினியே வேண்டா. திருவிழாவில் எடுத்த ஒரு பெரிய நிழற்படமும், நடுவில் உள்ளங்கையளவு துளையிட்ட ஓர் அட்டையும் போதும். அட்டையைப் படத்தின் மேல் வைத்து, துளை வழியே தெரிவதைக் கொண்டு அங்கே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பின்னர் அட்டையை எடுத்துவிட்டு, யார் யார் தம் வரியை மாற்ற விரும்புகிறார்கள் என்று கேட்டு, அந்த எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள்.